துளையருகே இரண்டு ஜமாஅத்

எங்கள் அலுவலகத்தின், மண் பார்க்கத் துளையிடும் குழுக்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. லுஹர் எனும் மதியத் தொழுகை நேரம் வந்தால் எல்லோருமாக எழுந்து போய்விட மாட்டார்கள். பாதிப்பேர் தொழுதுவிட்டு வரும்வரை மற்றப் பாதிப்பேர் துளையருகே நிற்பார்கள். அவர்கள் வந்த பிறகு இவர்கள் போவார்கள். குழுவில் நான்கு பேர்தான் இருந்தாலும் இரண்டு இரண்டு பேராகத்தான். இதற்குக் குழுப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ‘நசீர் நானா ஜமாஅத்’. ஜமாஅத் என்றால் சேர்ந்து தொழுவது, நானா என்றால் அண்ணன். அந்த நசீர் நானா நான்தான். ஓய்வுபெற்று மூன்று வருடமாகிறது. என் பெயரில் ஒரு கட்டடம் இல்லை, ஒரு வீதி இல்லை. தொழுகைக்குப் போகும் முறை ஒன்று இருக்கிறது. அதில் எனக்கு நிறையவே பெருமை, மறைக்க மாட்டேன்.

ஆனால் அந்த முறை ஏன் வந்தது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் பொல்லாத சந்தேகக்காரன், யந்திரத்தைத் தனியே விட்டால் கள்ளன் கொண்டுபோய்விடுவான் என்று பயந்தவன் என்று கதை கட்டி வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் ரிஸ்னா தொலைபேசியில் அழைத்தாள். நான் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள்தான். கற்பிட்டிக்காரி, பட்டம் படித்த பிள்ளை. பழைய பதிவுத் தாள்களையெல்லாம் கணினியில் ஏற்றும் வேலையை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள்.

“நானா, கண்டக்குழி பிள்ளப்பேறு வாட்டுக்குத் துளை போட்ட தாளுகள் கிடைச்சிருக்கு. மூணு இடத்தில சிவப்புக் கோடு. கீழ உங்கட கையெழுத்து. பக்கத்தில இன்னொரு கையெழுத்து. இத ஏத்துறதா, விடுறதா?”

“ஏத்து மகள்.”

“இல்ல நானா...” பிள்ளை தயங்கினாள். “நீங்க பிழை விட்டதா நீங்களே எழுதி வெச்சிரிக்கீங்க. இனி ஆரு வேணுமெண்டாலும் பார்ப்பாங்க.”

“பார்க்கத்தானே எழுதினது?” என்றேன்.

தொலைபேசியில் அதை முழுதாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சுருக்கமாகச் சொல்வது இதுதான்: மற்றவர்கள் மண்ணுக்கு மேலே கட்டுகிறார்கள், அந்த மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நாங்கள் எழுதிக் கொடுக்கிறோம். பாலம், தண்ணீர்த் தாங்கி, பாடசாலை, இறங்குதுறை எதுவானாலும், முதல் ஆளாக அந்த இடத்துக்குப் போய் துளை போடுவது நாங்கள். கட்டி முடித்துத் திறப்பு விழா நடக்கும்போது எங்களை ஒருவரும் கூப்பிடுவதில்லை. நாங்கள் வந்து போன ஞாபகமே அவர்களுக்கு இருக்காது.

நான் எஞ்சினியர் அல்ல. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து ஒரு பையோடு புத்தளத்துக்கு வந்தவன். இரண்டு வருடம் உப்பளத்தில் வேலை, அதன்பிறகு துளையிடும் குழுவில் குழாய் சுமக்கும் வேலை. ஐந்து வருடம் சுமந்தேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று ஒருநாள் பென்சிலைத் தந்து பதிவுத் தாளை எழுதச் சொன்னார்கள். அதன்பிறகு அந்தப் பென்சிலை நான் ஓய்வுபெறும் நாளில்தான் கீழே வைத்தேன்.

என்னை ஆளாக்கியவர் தமயந்தி மெடம். முன்னேஸ்வரத்துக்காரர், மண்ணியல் படித்தவர், என்னைவிட எட்டு வயது இளையவர். முதல் நாள் அவர் ஜீப்பிலிருந்து இறங்கியபோது எங்கள் துளைகாரர் கபூர் நானா என் காதுக்குள், “பிள்ளைக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, ஒரு கிழமைதான்” என்றார். துளைகாரர் என்றால் யந்திரத்தை இயக்குபவர், குழுவுக்குத் தலைவர். கபூர் நானாவுக்கு ஊர் கண்டக்குழி. மனிதர்களைப் பற்றி அவர் சொன்ன எதுவும் சரியாக வந்ததில்லை, இதுவும் அப்படித்தான்.

மெடம் வந்த அன்றைக்கே துளையிலிருந்து எடுத்த மண்ணில் கடுகளவு எடுத்து முன்பற்களுக்கிடையில் வைத்து மெல்லக் கடித்தார். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தோம்.

“மெடம், உப்புப் போதுமா?” என்றார் கபூர் நானா.

மெடம் சிரிக்கவில்லை. “நறநறங்குது. அப்ப இது வண்டல். வழுவழுண்ணு இருந்தா களி. நசீர் நானா, நீங்களும் கடிச்சுப் பாத்திட்டு எழுதுங்க” என்றார்.

கடித்தேன். அன்றிலிருந்து இந்தக் கரையோரத்தின் எல்லா ஊர் மண்ணையும் ருசி பார்த்திருக்கிறேன். இதையும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

மெடத்துக்குக் கோபம் வந்தால் குரல் கூடாது, குறையும். நல்லது என்று அவர் வாயால் சொன்னதை நான் கேட்டதில்லை. சரியாக இருந்தால் ‘ஹரி’ என்பார். அவருடைய சிலாபத்துப் பக்கத்தில் தமிழ் பேசுபவர்கள் வாயிலும் அந்தச் சிங்களச் சொல்தான் முதலில் வரும். ஒரு ‘ஹரி’க்காக நாங்கள் ஒரு முழு நாள் வெயிலில் நிற்போம்.

அவர் எனக்குப் போட்ட முதல் சிவப்புக் கோடு உச்சமுனை என்ற ஊரில். சிறிய இறங்குதுறை ஒன்றுக்காக யந்திரத்தைத் துண்டு துண்டாகக் கழற்றி வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போயிருந்தோம். மூன்று மீற்றர் ஆழத்தில், குழாயை அடித்து இறக்கும் சம்மட்டி துள்ளத் தொடங்கியது. எத்தனை அடித்தாலும் இறங்கவில்லை. எங்களுக்கு ஒரே சந்தோஷம். வேலை முடிந்தது, அஸர் தொழுகைக்கு முன் வீட்டுக்குப் போகலாம் என்று நான் தாளில் ‘பாறை’ என்று எழுதினேன்.

“பாறையப் பாத்தீங்களா?” என்றார் மெடம்.

“சம்மட்டி துள்ளுது மெடம்.”

“அப்ப சம்மட்டி துள்ளுதுண்ணு எழுதுங்க. பாறைண்ணு எழுத நீங்க பாறையக் கையில எடுத்திருக்கணும்.”

உளியை மாட்டி உடைக்கச் சொன்னார். நான்கு விரல் தடிப்பில் சிப்பியும் மணலும் சேர்ந்து இறுகிய ஓடு ஒன்று உடைந்தது. அதற்குக் கீழே ஒரு ஆள் உயரத்துக்குக் கறுத்தச் சேறு. நான் ‘பாறை’ என்று எழுதியதை நம்பி யாராவது தூணை நாட்டியிருந்தால், முதல் பெரிய வள்ளம் வந்து முட்டும் நாளில் துறை சரிந்திருக்கும். அந்தச் சொல்லை அழிக்க அழிறப்பரை எடுத்தேன். மெடம் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். சிவப்புப் பேனையால் சொல்லின் மேல் ஒரே ஒரு கோடு கீறி, பக்கத்தில் என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார்.

“எதையும் அழிக்க வேணாம். கோட்டுக்குக் கீழ என்ன இருந்ததுண்ணு பின்னால வாற ஆளுக்கு வாசிக்கத் தெரியணும்” என்றார். அழிறப்பர் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

பதிவுத் தாளில் மெடம் சேர்த்த இன்னொன்று நேரம். ஒவ்வொரு சோதனைக்கும் பக்கத்தில் மணியைக் குறிக்க வேண்டும். வேறு எந்த அலுவலகத்திலும் அது இல்லை. “மண்ணுக்கு மணி தெரியுமா மெடம்?” என்று நானே கேட்டிருக்கிறேன். “மண்ணுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியணும்” என்றார். எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் எழுதினேன். அது என்னைக் காட்டிக் கொடுக்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

கண்டக்குழிக்கு இப்போது வருகிறேன்.

அந்தக் காலத்தில் கண்டக்குழிப் பெண்களுக்குப் பிள்ளை பிறக்க வேண்டுமென்றால் மணல் பாதையில் உழவு இயந்திரத்தின் பெட்டியில் படுக்க வைத்து வெகுதூரம் கொண்டுபோக வேண்டும். கபூர் நானாவின் மனைவி அந்தப் பெட்டியிலேயே ஒரு பிள்ளையைப் பெற்றவர். அந்தப் பிள்ளை உயிரோடு தங்கவில்லை. அதைப்பற்றி அவர் பேசுவதில்லை, ஆனால் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அங்கே இருந்த சிறிய மருந்தகத்துக்குப் பக்கத்தில் இரண்டு மாடியில் பிள்ளைப்பேற்று வாட்டு ஒன்று கட்டித்தர வெளியிலிருந்து ஒரு தர்ம நிறுவனம் முன்வந்தது. மண் நன்றாக இருந்தால் சாதாரண அத்திவாரம் போட்டு அங்கேயே கட்டுவார்கள். மண் தளர்ந்திருந்தால் ஆழத்துக்குக் கொங்கிறீட் தூண் இறக்க வேண்டும், அதற்கு அவர்கள் ஆயத்தமில்லை, வாட்டு வேறு ஊருக்குப் போய்விடும். தீர்மானம் எங்கள் தாளில்தான் இருந்தது.

வேலை தொடங்கிய நாளிலிருந்து கபூர் நானா ஒவ்வொரு மாலையும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்.

“என்ன நசீர், வாட்டு வருமா வராதா?”

“நாலு துளையும் முடியட்டும் நானா.”

“இது எங்கட ஊர் மண். நல்ல மண். நான் சொல்றன், எழுது.”

“நீங்க சொல்றத எழுத ஏலாது நானா. சம்மட்டி சொல்றதத்தான் எழுதலாம்.”

சம்மட்டி சொல்வது என்றால் இதுதான். கரையோரத்தில் ஒரு ஆள் ஆழம் தோண்டுமுன்னே தண்ணீர் வந்துவிடும். தண்ணீரில் ஊறிய மணல் துளையை நிற்க விடாது. ஆகவே ஒரு பெரிய இரும்புக் குழாயை இறக்கி, அதற்குள் மெல்லிய குழாய்க் கம்பிகளை விட்டு, பம்பியால் தண்ணீர் செலுத்தி மணலைக் கழுவி மேலே கொண்டுவருவோம். ஒன்றரை மீற்றருக்கு ஒரு தடவை நிறுத்துவோம். கம்பிகளை மேலே எடுத்து, துளையின் ஆழத்தை அளந்து, நுனியில் மண் எடுக்கும் குழலை மாட்டி மீண்டும் இறக்குவோம். அறுபத்துமூன்றரைக் கிலோச் சம்மட்டியை இடுப்பளவு உயரத்திலிருந்து விழவிட்டு அடிப்போம். குழல் முப்பது சென்ரிமீற்றர் இறங்க எத்தனை அடி வேண்டும் என்பதுதான் அடிக்கணக்கு. நாலு, ஐந்து என்றால் மணல் தளர்ந்து கிடக்கிறது. இருபதைத் தாண்டினால் இறுகி இருக்கிறது, இரண்டு மாடியைத் தாங்கும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கம்பிகளை மேலே எடுக்கும்போது பெரிய குழாய்க்குள் தண்ணீர் நிறைந்து நிற்க வேண்டும். அது குறைந்தால், வெளியே நிலத்தடியில் இருக்கும் தண்ணீர் உள்ளே வரப் பார்க்கும். வரும்போது அடி மணலையும் கிளறிக்கொண்டு வரும். இறுகிக் கிடந்த மணல் பொங்கிக் கஞ்சிபோல ஆகிவிடும். அதில் சம்மட்டியைப் போட்டால் நாலு அடிதான் கணக்கு வரும். மணல் தளர்ந்தது அல்ல, நாங்கள் தளர்த்திவிட்டது.

இதற்கென்றே குழுவில் ஒரு ஆள் இருந்தார், சுமணபால. யந்திரம் நின்றாலும் ஓடினாலும் குழாயின் வாயில் கண் வைத்திருந்து, தண்ணீர் குறையக் குறைய ஒரு தகரப் பேணியால் ஊற்றிக்கொண்டே இருப்பார். நாங்கள் தொழப் போகும்போதும் அவர் அங்கேயே இருப்பார். தண்ணீர் ஊற்றவும் ஒரு உத்தியோகமா என்று அவரை நாங்கள் எல்லோரும் பகிடி பண்ணியிருக்கிறோம்.

கண்டக்குழியில் முதல் துளை முடிந்த அன்று சுமணபால தங்கையின் கலியாணத்துக்கு லீவில் போனார். மெடத்துக்கும் கொழும்பில் வேலை. பொறுப்பு என்னுடையது. மிஞ்சிய எல்லோரும் தொழுகிறவர்கள். பாங்கு சொன்னதும் எல்லோருமாகப் பள்ளிக்குப் போனோம். தொழுது, சாப்பிட்டு ஒரு மணிக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். நேரத்தை ஈடுகட்ட, பம்பியை இயக்காமலே கம்பிகளைச் சடசடவென்று மேலே இழுத்தோம்.

முதல் துளையில் கீழே போகப் போக நல்ல கணக்கு. இரண்டாவது துளையில் ஆறு மீற்றரில் திடீரென்று நாலு. மூன்றாவதில் ஏழரை மீற்றரில் ஐந்து. நாலாவதில் ஒன்பது மீற்றரில் மறுபடி நாலு. மற்ற ஆழங்களிலெல்லாம் இருபதுக்கு மேல். அன்று மாலை கபூர் நானா கேள்வி கேட்கவில்லை. அவரே அடித்த சம்மட்டி, அவருக்குத் தெரியும். தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்து போனார்.

நான் என்ன செய்தேன்? புத்தளம் அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு அழகான படம் வரைந்தேன். நாலு துளைகளையும் வரிசையில் வைத்து, மூன்று தளர்ந்த இடங்களையும் ஒரு சரிந்த கோட்டால் இணைத்தேன். களப்பை நோக்கி ஓடிய பழைய நீரோடை ஒன்று மண்ணுக்குள் புதைந்து கிடப்பதாக மஞ்சள் பென்சிலால் நிறம் தீட்டினேன். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இந்த வேலையைச் செய்தவன் யார் என்று விசாரித்து என் தோளில் தட்டினார். நான் உச்சி குளிர்ந்து போனேன்.

அடுத்த நாள் தாள்களைச் சுத்தமாகப் பிரதி பண்ணினேன். ஆழம் எழுதினேன், அடிக்கணக்கு எழுதினேன், நேரத்தை எழுதும்போது இரண்டாவது துளையில் ஆறு மீற்றருக்கு நேராக ஒன்று ஐந்து. மூன்றாவதில் ஏழரைக்கு நேராக ஒன்று பத்து. நாலாவதில் ஒன்பதுக்கு நேராக ஒன்று ஐந்து.

கை நின்றுவிட்டது.

பழைய நீரோடை ஒன்று லுஹர் முடிந்து நாங்கள் சாப்பிட்டு வரும் நேரம் பார்த்தா மூன்று துளைகளிலும் வந்து நிற்கும்? ஒவ்வொரு நாளும் கை பழகி வேகம் கூடியிருந்தோம், அதனால்தான் ஒரு மணிக்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலான ஆழத்தில் நின்றோம். சரிந்த கோடு நீரோடையுடையது அல்ல, எங்கள் வேகத்துடையது.

அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. துளையின் ஆழத்தை அளந்து எழுத வேண்டிய இடத்தில் அந்த மூன்று நாளும் 6.00, 7.50, 9.00 என்று என் கையெழுத்தில் இருந்தது. நான் அளக்கவில்லை. தொழுகைக்கு முன் எவ்வளவோ அவ்வளவுதானே என்று எழுதிவிட்டேன். அளந்திருந்தால், உள்ளே மணல் பொங்கி ஆழம் குறைந்திருப்பது அந்த நிமிடமே தெரிந்திருக்கும்.

இந்தத் தொழிலில் ஒரு விசித்திரம் இருக்கிறது. கெட்ட மண்ணை நல்ல மண் என்று எழுதினால் கட்டடத்தில் வெடிப்பு விழும், பிடிபடுவாய். நல்ல மண்ணைக் கெட்ட மண் என்று எழுதினால் உன்னை ஒருவரும் பிடிக்க முடியாது. அந்த இடத்தில் கட்டடமே வராதே. கவனமான ஆள் என்றுதான் பெயர் வரும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த மஞ்சள் ஓடை இன்றைக்கும் அலுவலகக் கோவைக்குள் கிடந்திருக்கும், கண்டக்குழிப் பெண்கள் உழவு இயந்திரப் பெட்டியில் போய்க்கொண்டிருந்திருப்பார்கள்.

வாயை மூடிக்கொண்டுதான் ஒரு முழுநாள் இருந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். தோளில் தட்டிய கையின் சூடு இன்னும் ஆறவில்லை. வீட்டில் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். மனைவி என்னவென்று கேட்டாள், வெயில் என்றேன். கண்ணை மூடினால் துவாயை அவிழ்த்துக்கொண்டு நடந்துபோன கபூர் நானாவின் முதுகுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் மெடம் கொழும்பிலிருந்து வந்து கதிரையில் அமருமுன்னே தாள்களைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். மூன்று நேரங்களையும் விரலால் காட்டினேன். அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

“தண்ணி?”

“ஊத்தேல்ல மெடம். சுமணபால லீவு. எல்லாரும் பள்ளிக்குப் போயிட்டம்.”

“ஆழம் அளந்தீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.”

“இல்ல.”

“எழுதியிருக்கீங்க.”

“ஓம் மெடம். அளக்காம எழுதினது நான்தான்.”

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் சிவப்புப் பேனையை எடுத்து என் பக்கம் தள்ளினார். மூன்று இடத்திலும் கோடு கீறினேன். கீழே குறிப்பு எழுதிக் கையெழுத்து வைத்தேன். அதன்பிறகு மெடம் பேனையை வாங்கி, என் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன்னுடையதையும் வைத்தார்.

“நீங்க ஏன் மெடம்? நீங்க இருக்கவே இல்லையே!”

“இருக்கல்ல. அதுதான்” என்றார். “யந்திரத்தக் கழட்டியாச்சா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப அஞ்சாவது துளை போடுவம்.”

அடுத்த நாள் கண்டக்குழியில், இரண்டாவது துளைக்கும் மூன்றாவதுக்கும் நடுவே யந்திரத்தை நிறுத்தினோம். காலையில் நேரம் பார்த்துத்தான் தொடங்கினோம், ஆறு மீற்றரை எட்டியதும் பாங்கு கேட்டது. கம்பிகள் துளைக்குள்ளேயே நின்றன. எல்லாம் பழைய மாதிரியே இருக்க வேண்டும், தண்ணீரைத் தவிர. நான் குழாயருகே நின்றேன்.

“நீங்க எல்லாரும் போய்த் தொழுங்க. நான் இருக்கிறன்” என்றார் மெடம்.

“வெயில் மெடம்” என்றார் கபூர் நானா.

“எனக்கு ஒத்துக்கொள்ளாதுண்ணு நீங்க சொன்னது காதில விழுந்தது நானா. போங்க.”

அத்தனை வருடத்துக்குப் பிறகு அதைச் சொன்னார்! கபூர் நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டு நடந்தார்.

அன்றைக்கு நாங்கள் பள்ளிக்குப் போகவில்லை, பக்கத்தில் ஒரு பூவரச மரத்தின் கீழேயே பாயை விரித்தோம். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்துத் திரும்பும்போது மெடம் தெரிந்தார். தொப்பி வியர்வையில் நனைந்திருக்க, சுமணபாலவின் தகரப் பேணியால் வாளியிலிருந்து அள்ளிக் குழாய்க்குள் ஊற்றிக்கொண்டிருந்தார். அவசரமில்லாமல், நிறுத்தாமல், குழாயின் வாயிலிருந்து கண்ணை எடுக்காமல் ஊற்றினார். அந்தக் காட்சி என் கண்ணைவிட்டுப் போகாது.

கம்பிகளை மெல்ல, தண்ணீர் ஊற்றிக்கொண்டே எடுத்தோம். நான் அளவு நாடாவை இறக்கினேன். ஆறு மீற்றர், ஒரு விரல் குறையாமல். கபூர் நானா அடிகளை வாய்விட்டு எண்ணினார். நாலைத் தாண்டியது. பத்தைத் தாண்டியது. அவர் குரல் கூடிக்கொண்டே போனது. மருந்தகத்துக்கு வந்திருந்த பெண்கள் வேலியருகே வந்து நின்று பார்த்தார்கள். இருபத்துநாலில் குழல் அளவுக்கு இறங்கி முடிந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று கபூர் நானா கயிற்றை விட்டுவிட்டுக் கையை உயர்த்தினார்.

மெடம் உயர்த்தவில்லை. “இது போதாது. நல்ல கணக்கு வேணுங்கிறதுக்காக நல்லதா அடிச்சம்ணு சொல்லுவாங்க. இப்ப கெடுத்துக் காட்டுவம்” என்றார்.

ஒன்பது மீற்றரில் வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்தினோம். முன்பு செய்த மாதிரியே கம்பிகளைச் சடசடவென்று இழுத்தோம். நாடாவை இறக்கினால் ஒரு முழத்துக்கு மணல் ஏறி இருந்தது. அடித்தோம், ஐந்து. துளையைக் கழுவி, தண்ணீரை நிறைத்து, பத்தரை மீற்றருக்குப் போய் அடித்தோம், இருபத்தெட்டு.

கபூர் நானா சம்மட்டிக் கயிற்றைச் சுருட்டி வைத்தார். “அப்ப மண்ணில பிழை இல்ல. பிழை எங்கள்லதான்” என்றார்.

“ஹரி” என்றார் மெடம்.

குறிப்பின் கடைசியில் துளை 5ஐப் பார்க்கச் சொல்லி ஒரு வரி எழுதி, அறிக்கையோடு சிவப்புக் கோடு போட்ட தாள்களையும் சேர்த்தே அனுப்பினோம். என் தோளில் தட்டிய பெரியவர் மெடத்தைக் கூப்பிட்டுக் கத்தினார் என்று கேள்விப்பட்டேன். இந்த மூன்று பக்கங்களையும் எடுத்துவிட்டால் அறிக்கை சுத்தமாக இருக்குமே என்றாராம். எடுக்க மாட்டேன் என்றாராம் மெடம். அந்த வருடம் எனக்கு வரவிருந்த பதவி உயர்வு வரவில்லை. மெடத்துக்கும் வரவில்லை. வாட்டு வந்தது. சாதாரண அத்திவாரத்தில், இரண்டு மாடி.

சுமணபால லீவு முடிந்து வந்தபோது கபூர் நானா எல்லாவற்றையும் சொன்னார். அந்த மனிதர் தகரப் பேணியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, என்னைத் தம்பி என்று சிங்களத்தில் அழைத்து, “அப்ப மல்லி, நான் இல்லாட்டி மண்ணே லூஸ் ஆகும், என்ன?” என்றார். அதற்குப் பிறகு அவரை ஒருவரும் பகிடி பண்ணவில்லை. அவருக்கு மரியாதை கொடுத்ததோடு நிற்காமல், அவர் இல்லாத நாளுக்கு ஒரு முறை வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்தேன். பாதிப்பேர் தொழும்போது பாதிப்பேர் துளையருகே. அதுதான் இரண்டு ஜமாஅத்.

கபூர் நானாவின் மகளுக்கு அந்த வாட்டில்தான் இரண்டு பிள்ளைகளும் பிறந்தன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் கட்டடத்தைச் சுற்றி நடந்து, சுவர் நிலத்தைத் தொடும் இடத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பேன். காவலாளிக்கு என்னைத் தெரியாது, ஏதோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து ஒருநாள் தானும் குனிந்து தேடினான். இன்றுவரை ஒரு மயிரிழை வெடிப்பு இல்லை. இப்போது அதற்குப் பக்கத்தில் புதிய கட்டடம் ஒன்று வரப் போகிறது. ரிஸ்னாவின் குழு அங்கே துளை போடப் போகிறது.

போன கிழமை நானே பஸ் ஏறி அலுவலகத்துக்குப் போனேன். ரிஸ்னா தேநீரும் பாணும் வரவழைத்துத் தந்துவிட்டு கணினியைத் திருப்பிக் காட்டினாள். நல்ல ஏற்பாடுதான். நேரத்தை யாரும் எழுத வேண்டியதில்லை, அதுவே பதிந்துகொள்கிறது. ஆனால் சிவப்புக் கோடு போட அதில் வழியில்லை. ஒரு இடத்துக்கு ஒரு எண்தான். கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது.

“தாளிட படத்தையும் ஏத்திட்டன் நானா. ஆனா படத்த ஆரும் திறந்து பார்க்க மாட்டாங்க. குறிப்பத்தான் வாசிப்பாங்க.”

“அப்ப குறிப்பில எழுது. தாளில உள்ளபடியே.”

அவள் தாளைப் பார்த்துத் தட்டினாள்: ‘துளை 2, 3, 4இல் லுஹருக்குப் பிந்திய முதல் அடிக்கணக்குகள் பிழை. குழாயில் தண்ணீர் இல்லை. ஆழத்தை அளக்காமல் அளந்ததாக எழுதியவன் அ. நசீர். தயவுசெய்து துளை 5ஐப் பார்க்கவும்.’

பெட்டி சிவப்பாகி நின்றது.

“எழுத்துக் கொஞ்சம் கூடிப்போச்சு நானா. பெட்டி எடுக்காது.” பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே சொன்னாள். “உங்கட பேர எடுத்திட்டா போதும்.”

நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து ஒரு தடவை வாசித்தேன்.

“பேர் இருக்கட்டும் மகள்” என்றேன். “அந்தத் தயவுசெய்துவ எடு.”